சொரோரிட்டியில் பத்து மாதங்கள்: கையெழுத்திடும் முன் எனக்கு யாரும் சொல்லாதவை

2018 ஆகஸ்டில், அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ள ஒரு பெரிய அரசுப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவியாகச் சேர்ந்தபோது, வகுப்புகள் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பே நான் விடுதிக்குக் குடிவந்துவிட்டேன். சொரோரிட்டி எனப்படும் மாணவியர் சங்கங்கள் புதிய உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் வாரம் அது. அந்த வாரத்தின் முடிவில் ஒரு தாளிலும், அதே ஆண்டு நவம்பரில் இன்னொரு தாளிலும் கையெழுத்திட்டேன். இரண்டையும் முழுமையாகப் படிக்கவில்லை. பத்து மாதங்கள் கழித்து, 2019 ஜூனில், சங்கத்தின் பேட்ஜைப் பதிவுத் தபாலில் திருப்பி அனுப்பிவிட்டு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தபோது, என் குடும்பம் செலவழித்திருந்த தொகை 9,770 டாலர். அன்றைய மதிப்பில் ஏழு லட்சம் ரூபாயைத் தொடும் பணம் அது. என்னோடு சேர்ந்த பெண்களில் பலருக்கு அம்மாவோ, பெரியம்மாவோ, பாட்டியோ முன்பே உறுப்பினராக இருந்திருந்தார்கள். எந்தத் தாளில் எதைப் பார்க்க வேண்டும் என்பது அவர்களுக்குச் சாப்பாட்டு மேசையிலேயே சொல்லிக் கொடுக்கப்பட்டிருந்தது. கரூரிலிருந்து பதின்மூன்று வயதில் அமெரிக்கா வந்த எனக்கு அப்படிச் சொல்லித் தர யாரும் இல்லை. இன்று அதே வாசலில் நிற்கும் தமிழ்ப் பெண்களுக்காகவும் அவர்களுடைய பெற்றோருக்காகவும் இதை எழுதுகிறேன்.

முதலில், நான் சேர்ந்தது எத்தகைய அமைப்பு என்பதைச் சொல்லிவிட வேண்டும். லத்தீனில் 'சொரோர்' என்றால் சகோதரி. 1874 இல் சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்ட காமா ஃபை பீட்டா சங்கத்துக்காக அங்கிருந்த லத்தீன் பேராசிரியர் ஒருவர் உருவாக்கிய சொல்தான் சொரோரிட்டி என்பார்கள். ஆனால் இத்தகைய சங்கங்கள் அதற்கும் முந்தியவை; இன்று ஆல்ஃபா டெல்டா பை என்று அழைக்கப்படும் சங்கம் 1851 இல் ஜார்ஜியா மாநிலத்தின் மேக்கன் நகரில் இருந்த ஒரு பெண்கள் கல்லூரியில் பிறந்தது. 1902 இல் இத்தகைய சங்கங்கள் ஒன்றுகூடி நேஷனல் பான்ஹெலனிக் கான்பரன்ஸ் என்ற கூட்டமைப்பை ஏற்படுத்தின. நான் சேர்ந்த ஆண்டில் அதில் 26 சங்கங்கள் இருந்தன. ஒவ்வொரு சங்கத்துக்கும் நாடு முழுவதும் கல்லூரிகளில் கிளைகள் உண்டு. தென்மாநிலங்களில் பெரும்பாலான கிளைகளுக்குத் தூண்கள் வைத்த பெரிய வீடுகளும் உண்டு. இது ஒரு விடுதியோ, படிப்பு வட்டமோ, தொண்டு நிறுவனமோ மட்டும் அன்று. மூன்றின் சாயலும் கொண்ட, வாழ்நாள் முழுவதற்குமான உறுப்பினர் பிணைப்பு. புதியவரை முழு உறுப்பினராக்கும் ஏற்புச் சடங்கு ஒருமுறை முடிந்துவிட்டால், பின்னர் விலகினாலும் அந்தக் கூட்டமைப்பின் வேறு எந்தச் சங்கத்திலும் சேர முடியாது. இந்த ஒரு விதி எனக்கு முன்பே தெரிந்திருந்தால் என் அவசரம் பாதியாகக் குறைந்திருக்கும்.

ஏன் சேர விரும்பினேன் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். உயர்நிலைப் பள்ளியின் நான்கு ஆண்டுகளும் மதிய உணவு மேசையில் எனக்கென்று ஓர் இடம் நிலையாக இருந்ததில்லை. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் உள்ள ஒரு வளாகத்தில் நான் காணாமல் போய்விடுவேன் என்று பயந்தேன். வளாகத்தைச் சுற்றிப் பார்க்கச் சென்ற நாளில், ஒரே நிறச் சட்டை அணிந்து புல்தரையில் கைகோத்து நின்று படம் எடுத்துக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்தபோது, இவர்களில் ஒருத்தியாக இருந்தால் இனி யாரிடமும் இடம் கேட்டு நிற்க வேண்டியதில்லை என்று தோன்றியது. அம்மாவுக்கு வேறு பயம் இருந்தது. "ராகிங் பண்ணுவாங்களா?" என்று மூன்று முறை கேட்டார். 1996 இல் ஒரு மருத்துவ மாணவர் கொல்லப்பட்டதும், அதன் பிறகு 1997 இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்ததும் அவருடைய தலைமுறைக்கு மறக்கக்கூடியவை அல்ல. அப்பா மட்டும் செலவு எவ்வளவு ஆகும் என்று கேட்டார். பதிவுக் கட்டணம் 190 டாலர் என்று சொன்னேன். எனக்கு அப்போது தெரிந்தது அவ்வளவுதான். அப்பாவும் அதையே மொத்தச் செலவு என்று எடுத்துக்கொண்டார்.

அந்த வாரத்தின் நடைமுறை இப்படி இருந்தது. முதல் சுற்றில் வளாகத்தில் உள்ள எல்லா வீடுகளுக்கும் செல்ல வேண்டும். ஒரு வீட்டில் அரை மணி நேரத்துக்கும் குறைவாகவே இருப்போம். கதவு திறந்ததும் உள்ளிருந்து ஐம்பது அறுபது குரல்கள் ஒன்றாகப் பாடும். ஒரு பெண் வந்து கையைப் பிடித்து அழைத்துச் செல்வாள். எந்த ஊர், என்ன படிப்பு, கோடையில் என்ன செய்தாய் என்று கேட்பாள். பத்து நிமிடங்களில் வேறொருத்தி வந்து அதே கேள்விகளைக் கேட்பாள். ஆகஸ்ட் வெயிலில் வீடு விட்டு வீடு நடந்து, இரவு விடுதிக்குத் திரும்பும்போது குதிகாலில் தோல் உரிந்திருக்கும். இரண்டாம் சுற்று அவர்கள் நிதி திரட்டும் தொண்டுகளைப் பற்றியது. மூன்றாவது சகோதரி உறவைப் பற்றியது. கடைசி இரவு விருப்பச் சுற்று. ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் நாம் வீடுகளை வரிசைப்படுத்துவோம், வீடுகளும் நம்மை வரிசைப்படுத்தும், மறுநாள் காலையில் நம் கைக்கு ஒரு பட்டியல் வரும். இரண்டாம் நாள் காலை என் பட்டியலில் பத்து வீடுகள் வரை இருந்திருக்கலாம், இருந்தவை ஐந்து. மறுநாள் மூன்று. முந்தைய மாலை என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, "நீ இங்கேதான் இருக்க வேண்டும்" என்று சொன்ன பெண்ணின் வீடு அந்த மூன்றில் இல்லை. குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு அழுதேன். என் நிறமா, பெயரா, பேச்சா, அம்மா தேர்ந்தெடுத்த நீல உடையா என்று ஒவ்வொன்றாக என்னையே பிரித்துப் பார்த்தேன்.

அந்த அழுகையில் ஒரு பகுதியாவது தேவையற்றது என்பதைப் பின்னர் அறிந்துகொண்டேன். கூட்டமைப்பில் ஒரு கணக்கு முறை உள்ளது. ஒரு வீடு எத்தனை பேரை மறு சுற்றுக்கு அழைக்கலாம் என்பதை அந்த வீடு தன் விருப்பப்படி முடிவு செய்வதில்லை. முந்தைய ஆண்டுகளில் அது அழைத்தவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்பதை வைத்து ஓர் எண் கொடுக்கப்படுகிறது. எல்லோரும் விரும்பும் வீடு முதல் இரண்டு நாட்களிலேயே பெரும் எண்ணிக்கையில் பெண்களைத் தன் பட்டியலிலிருந்து விடுவித்தே ஆக வேண்டும். இறுதியில் எல்லா வீடுகளுக்கும் ஏறக்குறைய சமமான எண்ணிக்கை கிடைக்கவும், அதிகமான பெண்களுக்கு ஏதேனும் ஓர் அழைப்பு கிடைக்கவும் செய்யப்பட்ட ஏற்பாடு அது. ஆகவே இரண்டாம் நாள் காலை ஒரு பிரபலமான வீடு பட்டியலில் இல்லாவிட்டால், அங்கே யாரோ உங்களை வெறுத்தார்கள் என்று பொருள் கொள்ள வேண்டாம். நூற்றுக்கணக்கானோருக்கு அந்தக் காலையில் அதே செய்திதான் போயிருக்கும். அதே நேரத்தில், நிறத்துக்கு இதில் பங்கே இல்லை என்றும் நான் சொல்ல மாட்டேன். 2013 செப்டம்பரில் அலபாமா பல்கலைக்கழகத்தின் மாணவர் செய்தித்தாளான 'தி கிரிம்சன் ஒயிட்', தகுதி மிக்க ஒரு கறுப்பின மாணவியை அங்கிருந்த வெள்ளையர் சொரோரிட்டிகள் நிராகரித்ததையும், அதில் முன்னாள் உறுப்பினர்களின் கை இருந்ததையும் வெளியிட்ட பிறகுதான் அங்கே அந்தக் கதவு உண்மையில் திறக்கத் தொடங்கியது. என்னோடு சேர்ந்த 58 பேரில் வெள்ளையர் அல்லாதவர்கள் நான்கு பேர். என்னை விடுவித்த வீடுகள் எதற்காக விடுவித்தன என்பதற்கு என்னிடம் சான்று இல்லை. ஆனால் அந்தச் சந்தேகத்தைத் தனியாகச் சுமந்தது எவ்வளவு கனமாக இருந்தது என்பதற்கு நானே சான்று.

கடைசி இரவுக்கு வருகிறேன், ஏனென்றால் என் முதல் தவறு அங்கேதான் நடந்தது. மெழுகுவத்தி வெளிச்சம், மெல்லிய பாட்டு, மூத்த மாணவிகள் கண்ணீரோடு வாசிக்கும் கடிதங்கள். இரண்டு வீடுகளில் அந்தச் சடங்கு முடிந்ததும், கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டு நேராக ஓர் அரங்குக்கு நடந்தோம். அங்கே கணினியில் இரண்டு வீடுகளையும் வரிசைப்படுத்தி, மெம்பர்ஷிப் ரெக்ரூட்மென்ட் அக்செப்டன்ஸ் பைண்டிங் அக்ரிமென்ட் என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். நீங்கள் அதில் குறிப்பிட்ட எந்த வீட்டிலிருந்து அழைப்பு வந்தாலும் ஏற்றுக்கொள்வதாக வாக்களிக்கிறீர்கள்; மறுத்தால், அல்லது ஏற்றுக்கொண்ட பின் விட்டுவிட்டால், அடுத்த ஆண்டின் முதன்மை உறுப்பினர் தேர்வு வரும் வரை அந்த வளாகத்தில் கூட்டமைப்பின் வேறு எந்தச் சங்கத்திலும் சேர முடியாது. இதில் நமக்கு உள்ள உரிமைகளும் அதே ஒப்பந்தத்தில் அடங்கியுள்ளன. இரண்டு வீடுகளையும் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. ஒன்றை மட்டும் எழுதலாம், ஆனால் அது கிடைக்காவிட்டால் வெறுங்கையோடு திரும்பும் ஆபத்து உண்டு. கையெழுத்திடாமலே விலகவும் செய்யலாம். அப்படி விலகியவர்கள், இடம் காலியாக உள்ள கிளைகள் பருவத்தின் நடுவில் கொடுக்கும் அழைப்புகளை ஏற்கத் தகுதியுடையவர்கள். எங்கள் குழுவுக்கு நியமிக்கப்பட்டிருந்த மூத்த மாணவி அன்பானவள்; கேட்டிருந்தால் எல்லாவற்றையும் விளக்கியிருப்பாள். நான் கேட்கவில்லை. என் மனம் முழுவதும் முதல் வீட்டில் இருந்தது. இரண்டாவதை இடத்தை நிரப்புவதற்காக எழுதினேன். மொத்தம் ஆறு நிமிடங்கள் ஆகியிருக்கும். அந்த ஒப்பந்தத்தின் வாசகம் முன்கூட்டியே பதிவுப் பக்கத்தில் கிடைக்கக்கூடியது. வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே அப்பா அம்மாவோடு உட்கார்ந்து தமிழில் பேசிப் புரிந்துகொண்டு செல்லுங்கள். மெழுகுவத்தி அணைந்து பத்து நிமிடங்களுக்குள் எடுக்கக்கூடிய முடிவு அன்று அது.

மறுநாள் உறையைப் பிரித்தபோது இரண்டாவது வீட்டின் பெயர் இருந்தது. என்னைச் சுற்றி ஆயிரம் பேர் கூச்சலிட்டுக்கொண்டு தங்கள் வீடுகளை நோக்கி ஓடினார்கள்; நானும் ஓடினேன், சிரித்தேன், சட்டை மாட்டிக்கொண்டேன், அம்மாவுக்குப் படம் அனுப்பினேன். அதற்கு அடுத்த புதன்கிழமை மின்னஞ்சலில் கட்டண விவரம் வந்தது. பருவச் சந்தா 1,150. புதிய உறுப்பினர் கட்டணம் 95. ஏற்புச் சடங்குக்கும் பேட்ஜுக்கும் 310. வீட்டில் தங்காத உறுப்பினர்கள் வீட்டைப் பயன்படுத்தவும் வாரத்தில் ஐந்து நாட்கள் மதிய உணவு உண்ணவும் 980. ஆக 2,535 டாலர், முதல் பருவத்துக்கு மட்டும். பதிவுக் கட்டணம் 190, அந்த ஒரு வாரத்துக்கான உடைகளும் காலணிகளும் 640 என ஏற்கெனவே 830 டாலர் போயிருந்தது. தாளில் இல்லாதவை பின்னால் வந்தன. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு சட்டை என 260. நமக்கென்று ஒதுக்கப்படும் மூத்த சகோதரிக்கும் அவள் குடும்பத்துக்கும் கொடுக்க வேண்டிய பரிசுகளுக்கு 220. பருவ இறுதி விருந்துக்கும் அதற்கான உடைக்கும் 300. உறுப்பினர் படத் தொகுப்புக்கு 40. வாராந்தரக் கூட்டத்தைத் தவறவிட்டதற்கு அபராதம் 75. வசந்தப் பருவத்தில் சந்தாவும் உணவும் சேர்த்து 1,890, இதர செலவுகள் 420. முதல் ஆண்டு மொத்தம் 6,570 டாலர். என் தோழிகள் பலர் காபிக் கடைகளில் பகுதி நேரமாக வேலை செய்து தங்கள் சந்தாவைக் கட்டினார்கள். அப்பாவின் எச்-1பி விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் இருந்த எனக்கு ஒரு மணி நேரம்கூடச் சம்பளத்துக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. ஒவ்வொரு டாலரும் அப்பாவின் சம்பளத்திலிருந்தும், ஊரிலிருந்து வந்தவர்கள் என் கையில் வைத்துவிட்டுப் போன பணத்திலிருந்தும் சென்றது.

எனவே பணத்தைப் பற்றி மூன்று செய்திகளை வற்புறுத்திச் சொல்கிறேன். உறுப்பினர் தேர்வு வாரத்திலேயே, ஒவ்வொரு வீட்டின் கட்டணத்தையும் எழுத்தில் கேளுங்கள். கேட்பது அநாகரிகம் அன்று, பல வளாகங்களில் அதற்கென்றே ஒரு சுற்றில் விவரம் சொல்கிறார்கள். முதல் பருவக் கட்டணத்தை மட்டும் பார்த்து நான்கு ஆண்டுக்குப் பெருக்காதீர்கள். கிளையின் வீட்டில் தங்க வேண்டிய ஆண்டு எது, அதற்கு எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள். அடுத்து, தவணை முறை, உதவித்தொகை, உணவுக் கட்டணத்தில் சலுகை ஆகியவற்றைப் பொறுப்பில் இருக்கும் பொருளாளரிடம் முதல் மாதத்திலேயே கேளுங்கள். நான் சைவம். அந்த வீட்டு மதிய உணவில் எனக்குக் கிடைத்தவை பெரும்பாலும் கீரைத் தழையும் பாலாடைக்கட்டியும் ரொட்டியும்தான். ஒரு மாதம் கழித்துத்தான் சமையற்கார அம்மாளிடம் வாய் திறந்து சொன்னேன். மறுநாள் முதல் எனக்கென்று தனியாகச் சோறும் கறுப்புப் பயறும் வைத்திருந்தார். கேட்காமல் இருந்த அந்த ஒரு மாதத்தை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற நாளும் நினைவில் இருக்கிறது.

நேரத்தைப் பற்றி யாரும் எச்சரிக்காததும் ஒரு குறைதான். முதல் எட்டு வாரங்களில் புதிய உறுப்பினர் வகுப்பு, திங்கள்கிழமைக் கூட்டம், கட்டாயப் படிப்பு நேரம், தொண்டு நிகழ்ச்சிக்கு அலங்காரம், வளாக விழாவுக்குக் காகிதப் பூ ஒட்டுவது என்று வாரத்துக்குப் பதினான்கு, பதினைந்து மணி நேரம் போயிற்று. வருகைக்குப் புள்ளிகள் உண்டு. புள்ளி குறைந்தால் விருந்துகளுக்கு அனுமதி இல்லை. வேதியியலில் நான் வழுக்கியது இந்த வாரங்களில்தான். முதல் பருவ முடிவில் என் மதிப்பெண் சராசரி நான்குக்கு 2.4 ஆக இருந்தது. கிளையின் குறைந்தபட்ச வரம்பு 2.5. அதனால் வசந்தப் பருவத்தில் எந்தக் கொண்டாட்டத்துக்கும் செல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் சந்தாவில் ஒரு டாலரும் குறையவில்லை. பொறியியல், மருத்துவ முன்படிப்பு போன்ற கனமான பாடங்களை எடுப்பவர்கள் முதல் பருவத்தில் ஒரு பாடத்தைக் குறைத்துக்கொள்ள முடியுமா என்று ஆலோசகரிடம் கேட்டுவிட்டு உறுப்பினர் தேர்வு வாரத்துக்குப் பதிவு செய்வது நல்லது.

அம்மா பயந்த ராகிங் எங்கள் கிளையில் நடக்கவில்லை. யாரும் யாரையும் தொடவில்லை, எதையும் குடிக்கச் சொல்லவில்லை. ஆனால் நூற்றுக்கும் மேற்பட்ட மூத்த உறுப்பினர்களின் பெயரையும் ஊரையும் மனப்பாடம் செய்து, எல்லோர் முன்னும் நின்று சொல்ல வேண்டியிருந்த ஓர் இரவு உண்டு. பதினோராவது பெயரில் நின்றுபோனேன். அந்த அமைதியை நான் அவமானமாகவே உணர்ந்தேன், இன்றும் அப்படித்தான் கருதுகிறேன். இப்போது சேர்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. ராகிங்கை இங்கே ஹேசிங் என்பார்கள். 2024 டிசம்பரில் கையெழுத்தான ஸ்டாப் கேம்பஸ் ஹேசிங் ஆக்ட் என்ற கூட்டாட்சிச் சட்டத்தின்படி, விதிமீறல் உறுதியான மாணவர் அமைப்புகளின் விவரத்தைக் கல்லூரிகள் பொதுவில் வெளியிட வேண்டும். உங்கள் மகளின் கல்லூரி வெளியிட்டிருப்பதைத் தேடிப் படியுங்கள். வீட்டின் தூண்களையும் பூந்தொட்டிகளையும் பார்ப்பதைவிட அது பயனுள்ளது. ஏற்புச் சடங்கைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை, வாக்குக் கொடுத்திருக்கிறேன். பொதுவாக ஒன்று மட்டும்: இச்சங்கங்கள் பலவற்றின் சடங்குகள் கிறித்தவ மரபிலிருந்து வளர்ந்தவை. உங்கள் நம்பிக்கைக்கு அது நெருடலாக இருக்குமா என்பதைச் சடங்குக்கு முன்பே கேட்டால், மறைபொருளை வெளியிடாமலே பதில் சொல்வார்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, அங்கே எனக்குக் கிடைத்ததை மறைத்தால் நேர்மையாகாது. அக்டோபரில் ஓர் இரவு, கரூரில் அப்பத்தா இறந்துவிட்டதாக அப்பா அழைத்துச் சொன்னார். எச்-4 விசா முத்திரை காலாவதியாகியிருந்ததால் நான் போய்வர முடியாத நிலை. எனக்கு மூத்த சகோதரியாக ஒதுக்கப்பட்டிருந்த மூன்றாமாண்டு மாணவி இரவு பதினொன்றரைக்கு என் அறைக்கு வந்தாள். அப்பத்தாவைப் பற்றிச் சொல்லச் சொன்னாள். முருங்கை மரத்தடியில் அவர் விறகடுப்பு மூட்டுவதையும், என்னைச் 'சாமி' என்று கூப்பிடுவதையும் நான் ஆங்கிலத்தில் சொல்லத் தெரியாமல் தடுமாறியபோது, தமிழிலேயே சொல், கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றாள். விடியும் வரை தரையில் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் அவளுக்குத் தேர்வு இருந்தது என்பதை வேறொருத்தி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நான் தேடிப் போனது அதுதான், அது கிடைத்தது. ஆனால் அது அவள் கொடுத்தது. சங்கம் கொடுத்ததாக என்னால் நினைக்க முடியவில்லை. விலகிய பிறகும் இன்றுவரை நாங்கள் பேசிக்கொள்கிறோம்.

இரண்டாவது கையெழுத்து நவம்பரில் போட்டது. இரண்டாம் ஆண்டு மாணவிகள் சங்க வீட்டில் தங்கிப் படுக்கைகளை நிரப்ப வேண்டும் என்பது எங்கள் கிளையின் விதி. திங்கள்கிழமைக் கூட்டத்தின் இறுதியில் ஒப்பந்தத்தைக் கையில் கொடுத்தார்கள். எல்லோரும் போட்டார்கள், நானும் போட்டேன், 500 டாலர் முன்பணமும் கட்டினேன். உணவோடு சேர்த்துப் பருவத்துக்கு 4,300, ஆண்டுக்கு 8,600 டாலர். 2019 மார்ச்சில் அப்பாவின் வேலை போயிற்று. எச்-1பி விசாவில் இருப்பவருக்கு வேலை இழந்தால் அறுபது நாள் அவகாசம்தான். அதற்குள் வேறு நிறுவனம் கிடைக்காவிட்டால் நாடு திரும்ப வேண்டும். அந்த நிலையில் சங்க வீட்டில் தங்க முடியாது என்று கிளைத் தலைவியிடம் சென்று சொன்னேன். அவள் கட்டியணைத்து ஆறுதல் சொன்னாள், தன்னால் ஆனதைச் செய்வதாகவும் சொன்னாள். அவளால் ஆகக்கூடியது எதுவும் இல்லை என்பது எங்கள் இருவருக்குமே அப்போது தெரியாது. வீட்டின் உரிமையாளர் கிளை அன்று. முன்னாள் உறுப்பினர்கள் நடத்தும் தனியான வீட்டுக் கழகம். என் ஒப்பந்தம் அந்தக் கழகத்தோடு. சங்கத்திலிருந்து விலகினாலும் வாடகைப் பொறுப்பு நீங்காது, மாற்று ஆள் வந்தால் மட்டுமே விடுவிப்பு என்று அதன் மூன்றாம் பக்கத்தில் இருந்தது. முழு 8,600 டாலரும் கேட்டு மின்னஞ்சல் வந்தது. அப்பாவிடம் அதைக் காட்டிய மாலையை என்னால் மறக்க முடியாது. அவர் கோபப்படவில்லை. "கண்ணு, போடறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?" என்றார், பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அந்தத் தாளை முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினார்.

ஏழு வாரங்கள் அலைந்த பிறகுதான் பல்கலைக்கழகத்தின் மாணவர் சட்ட உதவி அலுவலகம் எனக்குத் தெரியவந்தது. பல அரசுப் பல்கலைக்கழகங்களில் இப்படி ஓர் அலுவலகம் உண்டு; மாணவர் கட்டணத்திலேயே அதற்கும் பணம் கட்டியிருக்கிறோம், ஆலோசனைக்குத் தனியாகக் கேட்க மாட்டார்கள். அங்கிருந்த வழக்கறிஞர் ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு, குடும்ப வருமானம் நின்றதற்கான சான்றோடு ஒரு கடிதம் எழுதச் சொன்னார். காலியான இடத்துக்கு ஆள் தேடும் கடமை கழகத்துக்கும் உண்டு என்பதை அதில் சுட்டச் சொன்னார். மூன்று கடிதங்களுக்குப் பிறகு 2,700 டாலருக்கு ஒத்துக்கொண்டார்கள்; முன்பணம் 500 திரும்பி வரவில்லை. ஏழாவது வாரத்தில் அப்பாவுக்குக் குறைந்த சம்பளத்தில் வேறு வேலை கிடைத்திருந்தது. அந்த வேலையின் முதல் மாதச் சம்பளத்தின் பெரும்பகுதி இதற்கே போயிற்று. விலக நினைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கூட்டங்களுக்குப் போவதை நிறுத்திவிட்டால் உறுப்பினர் பதவி முடிந்துவிட்டதாக ஆகாது. விலகல் கடிதம் தேசியத் தலைமையகத்துக்குச் சென்று ஏற்கப்படும் வரை சந்தா ஏறிக்கொண்டே இருக்கும். கட்டாமல் விட்டால் கடன் வசூல் நிறுவனத்துக்குப் போகும். விலகுவதாக இருந்தால் புதிய பருவத்தின் கட்டணத் தேதிக்கு முன்பாக, எழுத்தில், தேதியோடு செய்யுங்கள். ஏற்புச் சடங்குக்கு முன்பே சந்தேகம் வந்தால் அப்போதே சொல்லிவிடுங்கள், இழப்பு மிகவும் குறைவு.

வேறு வழிகளும் இருந்தன என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. 1998 என்ற ஒரே ஆண்டில் தெற்காசிய மாணவியர் மூன்று சொரோரிட்டிகளைத் தொடங்கினார்கள்: ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் கப்பா ஃபை காமா, ஹியூஸ்டன் பல்கலைக்கழகத்தில் டெல்டா ஃபை ஒமேகா, நியூயார்க்கில் சிக்மா சிக்மா ரோ. இத்தகைய சங்கங்களின் சேர்க்கை ஆகஸ்ட் வாரத்தில் நடப்பதில்லை. வகுப்புகள் தொடங்கிய பிறகு, சிறிய அளவில் நடக்கும். பெரிய வீடு இல்லாததால் வீட்டு ஒப்பந்தம் என்ற பேச்சும் பெரும்பாலும் இல்லை. 2020 இல் கமலா ஹாரிஸ் துணை அதிபர் வேட்பாளரானபோது, அவர் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா உறுப்பினராக இருந்த செய்தி தமிழ்நாட்டுத் தொலைக்காட்சி வரை வந்தது. "நீ சேர்ந்திருந்தது அதுதானா, சாமி?" என்று கரூரிலிருந்து பெரியப்பா அழைத்துக் கேட்டார். அது 1908 இல் கறுப்பின மாணவியர் தொடங்கிய சங்கம், 1930 இல் அமைந்த வேறொரு கூட்டமைப்பைச் சேர்ந்தது, அதன் சேர்க்கை முறையும் வேறு என்று விளக்கினேன். ஒரு வளாகத்தில் இப்படி மூன்று நான்கு கூட்டமைப்புகள் இருக்கலாம். 2021 முதல் இணையத்தில் பரவிவரும் அலபாமா சொரோரிட்டித் தேர்வு வாரக் காணொளிகளில் ஒரு கூட்டமைப்பு மட்டுமே தெரியும். அதிலும் உடைகளே தெரியும், கட்டணத் தாள் தெரியாது.

எங்கள் பகுதித் தமிழ்ப் பள்ளியில் எனக்குப் பின்னால் படித்த ஒரு பெண் வரும் ஆகஸ்டில் இதே போன்ற ஒரு வளாகத்துக்குச் செல்கிறாள். சேர வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவளுக்கு ஆசை இருக்கிறது, அந்த ஆசை எனக்குப் புரியும். கேட்க வேண்டிய கேள்விகளை எழுதிக் கொடுத்தேன். அவள் நான்கு கிளைகளுக்கு மின்னஞ்சல் அனுப்பினாள். மூன்று கிளைகள் கட்டண விவரத்தை அனுப்பிவிட்டன. ஒன்று வீட்டு ஒப்பந்தத்தின் மாதிரியையும் இணைத்திருக்கிறது, பதினொரு பக்கங்கள். இந்தச் சனிக்கிழமை மாலை அவளும் அவளுடைய அம்மாவும் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். அப்பாவும் உடன் உட்கார்ந்து படிப்பதாகச் சொல்லியிருக்கிறார்.